வாய் திறக்காத வெள்ளிக்கிழமை

அயர்லாந்து என்று ஒரு தேசம் இருப்பதே எங்கள் மருந்துக்கொட்டாய் மதருக்குக் கோபம் வந்ததால்தான் எனக்குத் தெரிந்தது. காதுவலிக்கு மருந்து ஊற்றிக்கொள்ள வந்த ஒரு கிழவர், போகும்போது கும்பிட்டு, "இங்கிலீஷ் தொரசானி நல்லா இருக்கணும்" என்று வாழ்த்தினார். மதரின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது. "நான் இங்கிலீஷ்காரி அல்ல. அயர்லாந்து தேசத்தாள். அறிந்துகொள்ளும்" என்று அதட்டினார். கிழவரின் காதில்தான் மருந்து இருக்கிறதே, ஒன்றும் ஏறவில்லை. அதே வாழ்த்தை இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மருந்துப் புட்டி நழுவி உடைந்தது.

ஆம்பூருக்குப் பக்கத்தில், பாலாற்றங்கரையில் எங்கள் ஊர். ஆண்பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்குத் தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிற வேலை. எனக்குக் கன்னியர் மடத்து மருந்துக்கொட்டாயில் வேலை. புட்டி கழுவ வேண்டும், கட்டுத்துணிகளைத் துவைத்து வெந்நீரில் போட்டுக் காயவைக்க வேண்டும், மதருக்குப் பேச்சுத்துணையாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன வேலைக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் அதைத்தான் நான் மனசாரச் செய்தேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்பது ஊருக்கே தெரியும். அம்மா வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் கட்டிக்கொடுத்தார்கள். வந்த இடத்திலோ புருஷன் வாயே திறக்காத மனுஷன். இரண்டு பேருக்குமான பேச்சையும் நானே பேசி வைத்தேன்.

அந்த மதர் சொன்ன ஒரு கதையால் என் வீட்டுக்காரரை ஆற்றங்கரை மண் விழுங்கப் பார்த்தது. அதே மதர்தான் அவரைச் சுற்றியிருந்த மண்ணை முழங்காலில் நின்று கையால் வாரினார். கோபப்பட வேண்டிய அளவுக்கு அப்போதே கோபப்பட்டு முடித்துவிட்டேன். இப்போது யோசித்தால் நன்றிதான் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

மதரின் தமிழ் ஜெபப்புத்தகத்துத் தமிழ். கோவிலில் கற்றது அது. அதன் நடுவே எங்கள் ஊர்ப் பேச்சும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "வலி ஜாஸ்தியாயிருக்கிறதோ? நாளைக்குக் கம்மியாகும், கலங்காதிரும்" என்று நோயாளியிடம் சொல்வார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நான் சிரித்தால் அவரும் சிரித்துவிடுவார். ஏதோ மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டில் பிறந்தவர். மாடு கறக்கத் தெரியும், உருளைக்கிழங்கு நடத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, மழை பார்க்கத் தெரியும். அதில்தான் எங்கள் சிநேகமே ஆரம்பமானது.

தோல் ஷாப்புக்காரர்களுக்கு மழை சும்மா விஷயமல்ல. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த தோலை வெளியில் விரித்துப் போட்டிருக்கும்போது ஒரு மழை அடித்தால் போச்சு. கறைபட்ட தோலை எவன் வாங்குவான்? ஆகையால் எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட வானம் பார்க்கத் தெரியும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறுகிறதா, தட்டான் தாழப் பறக்கிறதா, நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். இதெல்லாம் போக எங்களுக்கென்று ஓர் அடையாளம் உண்டு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு அடுக்கி வைத்திருப்பார்கள். மழை வருவதற்கு முன்னால் அந்த உப்பு வேர்க்கும். கொட்டாயில் குவித்து வைத்த உப்பின் மேல் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அது எங்களை ஏமாற்றியதே இல்லை.

மதருடைய அடையாளங்கள் வேறு. அவர்கள் ஊரில் அடுப்புப் புகைக்கூண்டிலிருந்து கரி உதிர்ந்தால் மழையாம். பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் மழையாம். வால் பிளந்த சின்னக் குருவி தரையோடு தரையாகப் பறந்தால் மழையாம். "உங்க ஊர்ல மழையே நிக்காதுன்னு சொன்னீங்களே மதர், அப்புறம் பூனை எந்தப் பக்கம் உக்காந்தா இன்னா?" என்று கேட்டேன். அவர் கட்டுத்துணியால் என்னை அடிக்க வந்தார்.

தினமும் எங்களுக்குப் பந்தயம். துணியைக் காயப் போடலாமா வேண்டாமா என்பதுதான் பந்தயம். அவர் வாசலில் நின்று குருவியைப் பார்ப்பார், நான் தோல் ஷாப் பக்கம் போய் உப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். சில நாள் அவர் ஜெயிப்பார், பல நாள் நான் ஜெயிப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு ஊரும் ஒன்றாக இருந்தது. தூரத்து மலை திடீரென்று கிட்ட வந்த மாதிரி, அதிலிருக்கிற மரத்தை எண்ணிவிடலாம் போலத் தெரிந்தால் மழை நிச்சயம். எங்களுக்கு எதிரே ஜவ்வாது மலை, அவருக்கு அவருடைய மலை. இதைக் கண்டுபிடித்த அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்தேன். இங்கேயும் மலை நடக்கிறது" என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. வீட்டு நினைப்பு வந்திருக்கும். ஒரு பெண்பிள்ளை அத்தனை தூரம் தனியாக வந்து எங்கள் புண்ணைக் கழுவ வேண்டும் என்று என்ன தலையெழுத்து என்று எனக்குப் பாவமாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. தோலிலிருந்து மயிர் உதிர்வதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள். குழியில் இறங்கி அந்தத் தோலைப் புரட்டி எடுக்க வேண்டும். கை வெந்துபோகும். விரலிடுக்கு பிளந்து, நகத்தைச் சுற்றிப் புண்ணாகி, சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் போன நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் நான்தான் ஊட்டிவிடுவேன். வாயைத் திறந்து சோறு வாங்கிக்கொள்வாரே தவிர, வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அந்த வருஷம் புண் ஆறவே இல்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு, "கை இப்டியே இருந்தா வேற ஆளத்தான் வெக்கணும்" என்று சொல்லிவிட்டார். வேறு வேலை கொடுங்கள் என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் வேலை விட்டதும் மருந்துக்கொட்டாய்க்கு வந்து உட்காருவார். மதர் புண்ணைக் கழுவிக் களிம்பு போடுவார். கழுவும்போது எரியும் என்பதால் இவர் கவனத்தைத் திருப்ப ஏதாவது கதை சொல்வார். மழைக் கதை தீர்ந்துபோன ஒரு நாள் புதையல் கதை வந்தது.

அவர்கள் ஊரில் வயல் நடுவே வட்ட வட்டமாகப் பழைய மண்கோட்டைகள் இருக்கின்றனவாம். அதற்குள்ளே பானை பானையாகத் தங்கம். பழங்காலத்தில் புதைத்தவர்கள் ஓர் ஆளைக் கொன்று அதே குழியில் போட்டுக் காவல் வைத்திருக்கிறார்களாம். ஒரே கனவு திரும்பத் திரும்ப எவனுக்கு வருகிறதோ அவனுக்குத்தான் அது கிடைக்கும். கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முதன்முதலாக வாயைத் திறந்து, "தோண்டும்போது பேசக்கூடாதா?" என்றார்.

மதர் ஆச்சரியப்பட்டார். "ஒரு வார்த்தையும் கூடாது. பேசினால் பானை பூமிக்குள் போய்விடும். உமக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்லயும் அதான். பேசினா அண்டா கரியாப் போயிடும்."

"காவலாளி பேச வைக்கப் பார்ப்பான்" என்றார் மதர். "உன் வீடு பற்றி எரிகிறது என்று கூவுவான். பெண்சாதியின் குரலில் அழைப்பான். கண்ணைத் திறந்தால் வீடு எரிகிற மாதிரியே தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தால் வீடு நன்றாயிருக்கும், பானைதான் இருக்காது."

எங்கள் ஊரிலும் பேய் தெரிந்தவர்கள் குரலில் கூப்பிடும் என்பார்கள். முதல் தரம் கூப்பிட்டால் பதில் கொடுக்கக் கூடாது. இதை நான் சொன்னதும் மதர் கைதட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. எனக்கும் மதருக்கும் அது பொழுது போக்கும் பேச்சு. இவருக்கு அது சாட்சி. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும், ஒருத்தரை ஒருத்தர் பார்த்தே இராத ஜனங்கள் ஒரே சட்டத்தைச் சொல்கிறார்கள் என்றால் அது எப்படிப் பொய்யாக இருக்கும்? வீட்டுக்கு வரும் வழியில் இதைத்தான் சொன்னார்.

எங்கள் ஊருக்குக் கீழ்ப்புறம், ஆற்றின் கரையில் இடிந்த கல்மண்டபம் ஒன்று இருந்தது. நவாப் காலத்தில் படைக்குப் பயந்து ஓடிய வியாபாரி ஒருவன் அங்கே செப்பு அண்டாவைப் புதைத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். இவருக்கு அந்த அண்டா கனவில் வர ஆரம்பித்தது.

"சுண்ணாம்புக் குழியத்தான் பாத்திருப்பே. உனக்கு அதத் தவிர வேற இன்னா கனவு வரும்?" என்றேன்.

"விளிம்புல பூவேலை இருக்குது" என்றார்.

நான் கேலி செய்தேன், திட்டினேன், மண்டபத்துப் பக்கம் போனால் அம்மா வீட்டுக்குக் குடியாத்தம் போய்விடுவேன் என்று மிரட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வாயில்லாத மனுஷனோடு சண்டை போட்டு ஜெயிக்கவே முடியாது. நாம் பேசி முடித்ததும், நாமே தோற்றுப்போன மாதிரி இருக்கும்.

ஐப்பசி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளிகள் சாயபுமார்கள், ஆகவே வெள்ளிக்கிழமை தோல் ஷாப்புக்கு லீவு. காலையிலேயே இவரும் என் கொழுந்தனும் விறகுக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள். கொழுந்தன் நல்ல வாட்டசாட்டமான ஆள், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கிணற்றில் குதி என்றால் ஆழம் கேட்காமல் குதிப்பான். நான் மருந்துக்கொட்டாய்க்குப் போய்விட்டேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மதர் வாசலிலிருந்து கூப்பிட்டார். "வந்து பாரும். மலை வந்துவிட்டது."

ஜவ்வாது மலை நீலம் போய்க் கரும்பச்சையாக, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நின்றது. துணிகளை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, வழக்கப்படி தோல் ஷாப்புக்குப் போய் உப்பைத் தொட்டேன். வேர்த்திருக்கவில்லை, தண்ணீராகவே வழிந்துகொண்டிருந்தது. மேற்கே, ஆறு வருகிற திசையில் வானம் இருட்டிக் கிடந்தது. விறகுக்குப் போனவர்கள் நனைவார்களே என்று வீட்டுக்கு ஓடினேன். அங்கே சுவரில் ஆணியில் அவருடைய உத்தரியம் தொங்கிக்கொண்டிருந்தது. மாதா படம் தைத்த அந்தக் கயிறு ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து அவர் கழுத்தை விட்டு இறங்கியதில்லை. குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். காவல் பூதம் சாமி அடையாளத்தைக் கண்டால் அண்டாவோடு ஓடிவிடும் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மூலையில் கடப்பாரையும் மண்வெட்டியும் இல்லை. விறகு வெட்டுகிற கத்தி அதன் இடத்திலேயே இருந்தது.

விறகுக்கல்ல, மண்டபத்துக்குத்தான் போயிருக்கிறார்கள். நேராக மதரிடம் ஓடினேன். சொன்னதும் குடையை எடுத்துக்கொண்டு அவரும் கூடவே ஓடிவந்தார். "எங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட மூடர்கள் உண்டு" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடை காற்றில் திரும்பிக்கொண்டதும் அதைத் தூக்கி வேலியோரம் எறிந்துவிட்டார்.

மண்டபத்துக்குக் கீழே, கரையைக் குடைந்து பெரிய பள்ளம். அதன் விளிம்பில் கொழுந்தன் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரி எறிந்துகொண்டிருந்தான். கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது, வாயை மட்டும் தைத்துவிட்ட மாதிரி மூடியிருக்கிறான். பள்ளத்துக்குள் என் வீட்டுக்காரர். கரை சரிந்து அவரை மார்பு வரைக்கும் மூடியிருந்தது. கைகள் இரண்டும் மண்ணுக்குள்ளே. தலையும் தோளும்தான் வெளியே தெரிந்தன. கண்ணை இறுக மூடி, உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ்" என்றேன். பதில் இல்லை. உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன். மதர் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு சரிவில் இறங்கிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "உயிர் இருக்கிறது, மூச்சும் இருக்கிறது" என்றார்.

"அப்ப ஏன் பேச மாட்றாரு?"

மதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயோ, இவன் என் கதையைக் கடைப்பிடிக்கிறான்" என்றார்.

அப்புறம் இவர் காதோடு குனிந்து, "நான்தான், மதர். அது கட்டுக்கதை. பானையும் இல்லை, காவலும் இல்லை. வாயைத் திறவும்" என்று கெஞ்சினார். இவர் கண்ணை இன்னும் இறுக்கிக்கொண்டார். தெரிந்த குரலில் பேசும் என்று அவர்தானே சொல்லிக்கொடுத்தார்? எந்தக் குரலில் சொன்னாலும் அது காவல் பூதம் சொல்வதாகத்தானே ஆகும்?

கொழுந்தன் பக்கம் திரும்பினேன். மண் சரிந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ, உதவிக்கு ஒரு கூப்பாடு போடாமல் தனியாகவே வாரிக்கொண்டிருந்திருக்கிறான். அண்ணனுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தானாம். ஓங்கி ஓர் அறை விட்டேன். கொழுந்தனைக் கைநீட்டி அடிக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆனாலும் அடித்தேன்.

"அண்டா வேணுமா, அண்ணன் வேணுமா? வாயத் தொறந்து கத்திக்கினே ஓடுடா" என்றேன்.

"அண்ணி" என்று ஒரு சொல்தான் அவன் வாயிலிருந்து வந்தது. அதற்கப்புறம் அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றாக உடைந்துகொண்ட மாதிரி கத்திக்கொண்டே பள்ளிவாசல் பக்கம் ஓடினான். பக்கத்தில் ஆள் இருந்தது அங்கே மட்டும்தான்.

ஜும்மா தொழுகை முடிந்து கலைகிற நேரம். வெள்ளிக்கிழமைக்கென்று வெளுத்து மடித்து வைத்த வெள்ளை உடுப்போடு அத்தனை பேரும் மழையில் ஓடிவந்தார்கள். தோல் ஷாப் முதலாளியும் வந்தார். ஒருத்தர்கூட உடுப்பைப் பற்றி யோசிக்கவில்லை. நேராக அந்தச் சேற்றில் இறங்கி மண்டிபோட்டார்கள். மண்வெட்டியைப் போட்டால் உடம்பில் பட்டுவிடும் என்று கையாலேயே வாரினார்கள். மதர் அவர்கள் நடுவே முழங்காலில் நின்று வாரிக்கொண்டிருந்தார். அவருடைய முக்காடு அவிழ்ந்து நரைத்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

இடுப்பு வரைக்கும் மண்ணை எடுத்தாகிவிட்டது. அக்குளில் கை கொடுத்து இழுத்தால் ஆள் அசையவில்லை. கால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. மண்டபத்துக் கல் ஒன்று மண்ணோடு சரிந்து உள்ளே கிடந்தது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் தோண்டினால் கல் காலின் மேல் இன்னும் உட்காரும்.

"எந்தக் காலுப்பா? கல்லு ஆத்துப் பக்கமா, கரைப் பக்கமா? சொல்லுப்பா" என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். இவர் கண்ணைத் திறக்கவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை.

அப்போதுதான் ஆற்றில் தண்ணீர் வந்தது. மேலே மைசூர் மலைப்பக்கம் பெய்த மழை. வறண்டு கிடந்த மணலில் முதலில் நுரையும் குப்பையுமாக நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது, பின்னாலேயே செம்மண் வெள்ளம். பள்ளத்தின் அடியில் நீர் கசிய ஆரம்பித்தது. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். என் ஜென்மத்தில் கற்ற வசவு அத்தனையும் பேசினேன். அவர் அப்பனைப் பேசினேன், பாட்டனைப் பேசினேன். அப்புறம் கெஞ்சினேன். "என் ராசா, என் கண்ணு, ஒரு வார்த்த சொல்லுய்யா. எந்தக் காலுன்னு சொல்லு. கை போனா போவுது, நான் சம்பாரிச்சுப் போட்றேன். நீ சும்மா குந்திக்கினு இரு" என்றேன். இத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் புருஷனை ராசா என்று கூப்பிட்டதற்கு வேறு நாளாக இருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அவர் உதடு அசையவில்லை. தண்ணீர் அவர் இடுப்பை நனைத்தது.

அப்புறம் எனக்குப் பேச்சு வரவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஓய்ந்ததும் மற்றவர்களும் என்னவோ பேச்சை நிறுத்திவிட்டார்கள். மழைச் சத்தமும், மண்ணை வாரும் சத்தமும், ஆற்றுச் சத்தமும்தான் கேட்டது.

பிறகு அவர் முகத்தில் என்னமோ மாறியது. புருவம் நெரிந்தது. எதையோ காது கொடுத்துக் கேட்கிற மாதிரி தலையைத் திருப்பினார். உதடு பிரிந்தது.

"ஏ, இன்னாடி ஆச்சு உனக்கு?" என்றார்.

அவர் கண்ணைத் திறந்து, மழைத்தண்ணீரில் இமையைக் கொட்டிக் கொட்டி என்னைத் தேடினார். "மதர், அவளுக்கு இன்னா ஆச்சு? ஏன் சத்தத்தக் காணோம்?"

"அவள் நன்றாயிருக்கிறாள். காலைச் சொல்லும், கால்!" என்று மதர் அலறினார்.

"எடது காலு. கல்லு ஆத்துப் பக்கமா மேல கெடக்குது. கரைப் பக்கமா தோண்டுங்க" என்றார்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் மண்ணை எடுத்து, தோளில் போட்டிருந்த துணிகளை முடிச்சுப் போட்டு அக்குளில் கட்டி எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கரையின் மேலே கொண்டுவந்து கிடத்திய கொஞ்ச நேரத்தில் பள்ளம் முழுக்கத் தண்ணீர் ஏறியது. அப்புறம் கரையே பெயர்ந்து, மண்டபத்துத் தூண் ஒன்றையும் கூட்டிக்கொண்டு ஆற்றில் போனது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கால் எலும்பில் விரிசல், விலாவில் அடி. பிழைத்துக்கொண்டார். லேசாகச் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் முதலாளி அந்தக் கையை முதன்முதலாகப் பார்த்தாராம். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் சுண்ணாம்புக் குழிக்குப் போக வேண்டாம், தோல் காயவைக்கிற இடத்தில் நில் என்று சொல்லி அனுப்பினார். புண் மெல்ல ஆறியது. தன் கையாலேயே சோறு பிசைந்து தின்றார். ஊட்டிவிட்ட பழக்கத்தில் எனக்குத்தான் கொஞ்ச நாள் கை பரபரத்தது.

அந்த வெள்ளை உடுப்புகளைத் துவைத்துத் தருகிறேன் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "ஆத்து மண்ணு தானேம்மா, போயிடும்" என்று எல்லோரும் திருப்பி அனுப்பினார்கள். போகவில்லை. செம்மண் கறை அவ்வளவு லேசில் போகாது, துணி துவைக்கிற எனக்குத் தெரியாதா? அடுத்த வெள்ளிக்கிழமையும், அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளிலும் முழங்காலில் அந்தக் கறையோடு அவர்கள் தொழுகைக்குப் போவதைப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் கும்பிட வேண்டும் போல இருக்கும். நன்றி என்று நான் சொன்னது அவர்கள் செய்ததற்குப் போதவே போதாது.

மதர் அதற்கப்புறம் புதையல் கதையே சொல்லவில்லை. மழை மட்டும்தான் பேசுவார். எத்தனையோ வருஷம் எங்களோடு இருந்து, எங்கள் ஊர்க் கல்லறையிலேயே படுத்துக்கொண்டார். அவரை மண்ணுக்குள் வைத்த அன்று ஊரில் யாரும் தோல் காயப்போடவில்லை. மழைக்கு ஓர் அடையாளமும் இல்லாமல் வெயில் காய்ந்தது.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். விலாவில் கட்டுப்போட்டுப் படுத்திருந்த நாட்களில் ஒரு சாயங்காலம், கஞ்சி கொடுத்துக்கொண்டே கேட்டேன். "ஏன்யா, மதர் சொல்லியும் வாயத் தொறக்கல. நான் அவ்ளோ கத்தியும் தொறக்கல. பூதம்னு நெனச்சியா?"

"மொதல்ல நெனச்சேன்" என்றார். "அப்பறம் நீ எங்கப்பனத் திட்ன பாரு. பூதத்துக்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியாது."

"நான்தான்னு தெரிஞ்சும் பேசலியா?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "மண்ணு சரியிறதுக்கு முன்னாடி கடப்பார எதுலியோ பட்டுச்சு. டங்குனு சத்தம். செப்புச் சத்தம்தான், நல்லாக் கேட்டேன். என் காலுக்குக் கீழ இருந்துச்சு. கொஞ்ச நேரம் பொறுத்துக்கினா எப்டியும் கெடைச்சிடும்னு இருந்தேன்."

அது செம்போ கல்லோ, ஆற்றுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பள்ளத்தில், அந்த மண்ணுக்குள் நின்ற மனுஷனுக்கு அது அண்டாதான். விளிம்பில் பூவேலை செய்த அண்டா. இனிமேல் சுண்ணாம்புக் குழியில் கை வைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி காலடியில் கிடந்தது. உயிருக்காகக்கூட அவர் அதை விடவில்லை.

"அப்பறம் ஏன்யா பேசினே?" என்றேன்.

"நீ பேசறத நிறுத்திட்டே" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஊரே என் வாயைக் குறை சொன்னது. அதன் சத்தம் நின்றுபோனதற்காக ஒரு மனுஷன் அண்டா நிறையத் தங்கத்தைக் கைவிட்டார். அதற்கு நான் அவருக்குச் செய்த கைம்மாறு ஒன்றுதான். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் காதில் என் சத்தம் ஓயாமல் பார்த்துக்கொண்டேன்.